லட்சுமிக்கும் இலட்சுமிக்கும் நடுவில் சிக்கிய பட்டா

பெறுநர்:
தமிழ்நாடு மின் ஆளுமை முகமை,
வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை,
பதிவுத் துறை,
இவற்றுக்கு மென்பொருள் எழுதித் தருவோர்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

இந்த மடல் ஒரே ஒரு பெட்டியைப் பற்றியது. விண்ணப்பப் படிவத்தில் ‘பெயர்’ என்று போட்டிருக்கும் பெட்டி. சர்வர் மெதுவாக ஓடுவது பற்றியும் ஓ.டி.பி. வராதது பற்றியும் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயர்ப் பெட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிழை விண்ணப்பதாரருடையது என்றே எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், விண்ணப்பதாரர் உட்பட.

பட்டா மாறுதலோ வாரிசுச் சான்றோ கல்வி உதவித்தொகையோ, ஓர் ஆவணத்தில் இருக்கும் பெயரை இன்னோர் ஆவணத்தின் பெயரோடு வைத்துப் பார்க்கும் கட்டம் எதிலும் உண்டு. அங்கே கோப்பு நின்றால் மேசைக்கு அப்பாலிருந்து வரும் பதில் ஒன்றுதான்: “பேரை மாத்திட்டு வாங்க.” எந்த ஆவணத்தை எதற்கு ஏற்ப மாற்றுவது என்று யாரும் சொல்வதில்லை. ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்றலாம். ஒரு அலுவலகத்துக்காக ஒருமுறையும் வேறொரு அலுவலகத்துக்காக இன்னொரு முறையும் மாற்றிவிட்டவருக்கு மூன்றாவது அலுவலகத்தில் என்ன வழி? நோட்டரியிடம் போய், இருவரும் ஒரே நபர்தான் என்று பிரமாணப் பத்திரம் எழுதி வாங்குகிறார். அடுத்த விண்ணப்பத்துக்கு இன்னொன்று எழுதுகிறார்.

பெரும்பாலான இடங்களில் பெயர் சரியாகவே இருக்கிறது என்பதும், ஒப்பிடும் முறைதான் தமிழ்ப் பெயருக்குப் பொருந்தவில்லை என்பதும் எங்கள் கருத்து. இதைத் திருத்த முடியும். எப்படி என்று கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் ஒரு கற்பனை நபர். பட்டாவில் ‘இலட்சுமியம்மாள், க/பெ இராமசாமி’. கிரயப் பத்திரத்தில் ‘ராமஸ்வாமி மனைவி லெட்சுமி அம்மாள்’. குடும்ப அட்டையில் ‘லட்சுமி’. ஆதாரில் ‘லக்ஷ்மி ரா’. வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலம் மட்டும். நடுவில் கே-எஸ்-எச் போட்டார்களா, எக்ஸ் போட்டார்களா, டி-சி-எச் போட்டார்களா என்பது கணக்குத் திறந்த அன்று கவுன்ட்டரில் இருந்தவரைப் பொறுத்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே வீட்டைத்தான் காட்டுவார்கள். கணினிக்கு இவர்கள் ஐந்து பேர்.

இந்த ஐந்தும் எப்படி வந்தன என்று தெரிந்தால்தான் எதைச் சரிசெய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று தெரியும்.

இன்றைய பட்டாப் பெயர்களில் பெரும்பகுதிக்கு வேர் 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். பணியில் இருக்கிறது. 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியம் முறை ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்ததும் அதே காலத்தில்தான். பதிவேடுகள் கைமாறிக்கொண்டிருந்தபோதே புதுப் பதிவேடுகளும் எழுதப்பட்டன. எழுதியவர் இலக்கணம் படித்தவரானால் ரகரமும் லகரமும் மொழிமுதல் வராது என்று இகரம் சேர்த்து ‘இராமசாமி’, ‘இலட்சுமி’ என்று எழுதினார். படிக்காதவர் காதில் விழுந்தபடி எழுதினார். பத்திரம் எழுதுபவர் வடமொழிப் பழக்கத்தில் ‘ராமஸ்வாமி’ என்றார். பழைய பத்திரங்களில் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் புதிய ஆவணங்களில் உதிர்ந்துவிட்டது. எவரும் பொய் எழுதவில்லை. ஒரு பெயரை எழுத ஒரே வழிதான் உண்டு என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது முன்னெழுத்து. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முருகன் மகன் செல்வம், ‘மு. செல்வம்’. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும் படிவம் வந்தால் அந்த ‘மு’ எங்கே போகும்? பான் அட்டை விண்ணப்பத்தில் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் வெறும் முன்னெழுத்தை ஏற்பதில்லை. ஆகவே தந்தை பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராகிறது. சில ஆவணங்களில் அதுவே முன்னால் வந்து ‘முருகன் செல்வம்’ என்றாகிறது. ஒப்பிடும் மென்பொருள் ‘மு. செல்வம்’ என்பதையும் ‘செல்வம் முருகன்’ என்பதையும் இரண்டு ஆட்களாகப் பார்க்கிறது. பெண்களுக்கு இன்னொரு சுற்று உண்டு. பள்ளிச் சான்றில் தந்தையின் முன்னெழுத்து, திருமணத்துக்குப் பிறகு எடுத்த ஆவணங்களில் கணவரின் முன்னெழுத்து. இதை ‘பெயர் வேறுபாடு’ என்று குறிப்பது தவறு. பெயர் மாறவில்லை, யாருக்கு உறவாகக் குறிக்கப்படுகிறார் என்பதுதான் மாறியிருக்கிறது.

இனி, கண்ணுக்கே தெரியாத கோளாறுகள். துறை அலுவலர்களில் பலர் இதை நம்பமாட்டார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

எழுத்தைக் கணினி எண்ணாகச் சேமிக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். 1999-ல் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியாக்கங்களும் தரமாக அறிவிக்கப்பட்டன. 2010-ல் யூனிகோடு, டேஸ்16 என்ற குறியாக்கங்கள் அரசின் தரமாயின. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு அலுவலகமும் தன் கையிலிருந்த எழுத்துருவில் தட்டியது. அந்தத் தரவு பின்னால் யூனிகோடுக்கு மாற்றப்பட்டபோது திரையில் சரியாகத் தெரிந்தது. உள்ளே சரியாக இல்லை.

‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றைப் போடலாம். அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமமே. ஆனால் எழுத்தை எண்ணாகப் பார்த்து ஒப்பிடும் சாதாரண நிரலுக்கு இவை வேறு வேறு. ‘கொளஞ்சி’ ‘கொளஞ்சி’யோடு பொருந்தவில்லை என்று வரும் செய்தியைப் பார்த்து மேசையில் இருப்பவர் என்ன செய்வார்? இதற்கு யூனிகோடு அமைப்பே மருந்து வைத்திருக்கிறது. ஒப்பிடும் முன் இரண்டு பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் அது. பெரும்பாலான நிரல்மொழிகளில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி எல்லா மென்பொருளிலும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதே எங்கள் முதல் கோரிக்கை.

அந்த ஒரு வரி தீர்க்காதவையும் உண்டு. ஔகாரக் குறியின் பின்பாதி ளகரம் போலவே இருப்பதால், கௌதமன் என்பதைக் கொம்பு, க, ள என்று தட்டிவிடுகிறார்கள். ‘கௌதமன்’, ‘கெளதமன்’ இரண்டும் பல எழுத்துருக்களில் அச்சு அசலாக ஒன்றே. யூனிகோடு இவற்றைச் சமமாகக் கொள்ளாது; நாம்தான் விதி எழுத வேண்டும். எகரக் குறிக்கு அடுத்து வரும் ள-வின் மீது உயிர்க்குறியோ புள்ளியோ இல்லையென்றால் அதை ஔகாரமாக எடுத்துக்கொள்ளலாம். ‘வெள்ளையம்மாள்’ தப்பிவிடும், ள மீது புள்ளி இருக்கிறது. ‘தெளிவன்’ தப்பிவிடும், இகரக் குறி இருக்கிறது. ‘செளந்தரி’ சௌந்தரியாகிவிடும். சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ஒள’வுக்கும் இதே விதிதான்.

‘ஸ்ரீ’ இன்னொரு தொல்லை. அதை ஸகரத்தில் தொடங்கியும் தட்டலாம், 2005-ல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் தட்டலாம். உருவம் ஒன்று, உள்ளே வேறு. ஸ்ரீதர், ஸ்ரீனிவாசன், ஸ்ரீதேவி எல்லோருக்கும் இந்தச் சிக்கல் காத்திருக்கிறது. இவை போக, குறியாக்க மாற்றத்தின்போது உள்ளே தங்கிவிட்ட அகலமில்லா இணைப்புக் குறிகள், முன்னெழுத்துக்குப் பின் வைத்த புள்ளி, புள்ளிக்குப் பின் விட்ட இடைவெளி, பெயரின் வாலில் தெரியாமல் விழுந்த ஒரு வெற்றிடம். பழைய தட்டச்சுப் பழக்கத்தில் காலுக்குப் பதில் ரகரமும் ரகரத்துக்குப் பதில் காலும் தட்டியவை தனிக் கணக்கு.

இதுவரை சொன்னவை துப்புரவு வேலை. இதுவே முதல் படி. ‘ஒப்பீட்டுச் சாவி’ என்று ஒரு தனிப் புலம் வைத்து, துப்புரவு செய்த பெயரை அதில் மட்டும் போட வேண்டும். மூலப் பதிவில் கை வைக்கக் கூடாது. பட்டாவில் ‘கெளதமன்’ என்று இருந்தால் அது அப்படியே இருக்கட்டும். ஆவணத்தைத் திருத்த, அலுவலர் வழியாக நடக்கும் கணினித் திருத்த நடைமுறை இருக்கிறது. அதை நிரல் தன் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

துப்புரவுக்கு மேலே இரண்டாம் படி, எழுத்து வழக்கு. இராமசாமி-ராமசாமி, அரங்கநாதன்-ரங்கநாதன், உலோகநாதன்-லோகநாதன், இயேசுதாஸ்-யேசுதாஸ் போன்றவற்றில் சொல்லின் முதலில் நிற்கும் துணை உயிரைச் சாவியில் எடுத்துவிடலாம். ஐயப்பனும் அய்யப்பனும் ஒன்று. பழனிசாமிக்கும் பழனிச்சாமிக்கும் நடுவே ஒரு ஒற்றுதான். மாரியம்மா, மாரியம்மாள். ராஜன், ராசன். சண்முகம், ஷண்முகம். கிரந்த எழுத்துகளுக்கு ஓர் ஈடு அட்டவணை போதும்: ஜ, ஸ இரண்டுக்கும் ச, ஷ-வுக்குச் ச அல்லது ட, ஹ-வுக்குக் க, அல்லது ஒன்றும் இல்லை, க்ஷ-வுக்கு ட்ச அல்லது க்க. ஒன்றுக்கு இரண்டு ஈடு இருக்கும் இடத்தில் சாவியும் இரண்டு வைத்துக்கொள்ள வேண்டும், ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். மொத்த அட்டவணையும் இரண்டு பக்கத்துக்கு மேல் வராது.

இதற்குச் செயற்கை நுண்ணறிவு வேண்டாமா என்று ஒப்பந்ததாரர் கேட்பார். வேண்டாம். இரண்டு பக்க விதியை வட்டாட்சியர் படித்துப் பார்க்கலாம், நீதிமன்றத்தில் காட்டலாம், தவறான வரியை அடித்துவிட்டு வேறு எழுதலாம். ‘ஒரே நபராக இருக்க 83 விழுக்காடு வாய்ப்பு என்று செயற்கை நுண்ணறிவு மாதிரி சொல்கிறது’ என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒருவரின் பட்டாவை நிறுத்தவும் முடியாது, மாற்றவும் கூடாது.

மூன்றாம் படி காதுவழி. ர-ற, ல-ள-ழ, ந-ன-ண, குறில்-நெடில் குழப்பங்கள். இவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எந்திரம் எழுத்துப்பெயர்த்ததால் வந்தவை. ஆதார் பதிவில் பெயரை ஒரு மொழியில் அடித்தால் மறுமொழியில் தானே வரும். பதிவு செய்பவர் அதைப் பார்த்துத் திருத்த வேண்டும். கூட்டத்தில் எத்தனை பேர் திருத்துவார்கள்? கண்ணன் கன்னனாகிறார், பழனி பாலனியாகிறார், மணி மனியாகிறார், வேலு வெலுவாகிறார். இ-சேவை மையங்களிலும் ஒலிவழித் தட்டச்சில் முதலில் வரும் பரிந்துரையை அழுத்திவிட்டுப் போவது வழக்கம். மேசையில் இருப்பவருக்கு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று பங்கு கிடைக்கிறது. நிறுத்தி நிதானித்தால் அவருக்குத்தான் நட்டம்.

ஆனால் இந்த மூன்றாம் படியில் கவனம் தேவை. வள்ளியும் வல்லியும் வேறு பெயர்கள். குமரனும் குமாரனும் ஒரே தெருவில் இருக்கலாம். எனவே முதல் படியில் பொருந்தினால் கேள்வியே இல்லாமல் ஏற்கலாம். இரண்டாம் படியில் பொருந்தினால், கூடவே தந்தை அல்லது கணவர் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகும்போது ஏற்கலாம். மூன்றாம் படியில் மட்டும் பொருந்தினால் ஒரு மனிதர் பார்த்தாக வேண்டும். எதிலுமே பொருந்தாவிட்டாலும் கணினி தானாக நிராகரிக்கக் கூடாது, ஏன் பொருந்தவில்லை என்ற குறிப்போடு அலுவலருக்கு அனுப்ப வேண்டும்.

ஆதார் சரிபார்ப்பு நெறிமுறையிலேயே பெயரை முழுப் பொருத்தமாகக் கேட்கவும் பகுதிப் பொருத்தமாகக் கேட்கவும் வழி இருக்கிறது. பகுதிப் பொருத்தத்தில் சொற்கள் முன்பின் மாறியிருக்கலாம். எத்தனை விழுக்காடு சொற்கள் ஒத்துப்போனால் போதும் என்பதைக் கேட்கும் துறையே சொல்லலாம். மாநில மொழிப் பெயருக்கும் தனிப் புலம் வைத்திருக்கிறார்கள். வசதி இருந்தும் முழுப் பொருத்தம் மட்டும் கேட்கும் மென்பொருள், ‘செல்வம் மு’ என்பவரை ‘மு செல்வம்’ அல்ல என்று திருப்பி அனுப்பத்தான் செய்யும். எந்தெந்தச் சேவை எந்த முறையில் கேட்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்தாலே பாதி விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

நிலத்துக்கு மட்டும் வேறு அளவுகோல் வைக்க வேண்டும். வருமானச் சான்றில் தளர்வாகப் பொருத்தித் தவறு செய்தால் அடுத்த ஆண்டு திருத்திவிடலாம். பட்டாவில் தவறு செய்தால் ஒருவர் நிலம் இன்னொருவர் பெயருக்குப் போகும். மீட்க உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். பதிவுத் துறையின் ஸ்டார் 2.0 மென்பொருளும் வருவாய்த் துறையின் தமிழ்நிலமும் இணைக்கப்பட்டிருப்பதால், உட்பிரிவு தேவைப்படாத முழுப் புல எண் விற்பனைகளில் விற்பவர் பெயர் பட்டாவோடு ஒத்திருந்தால் பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே மாறுகிறது. நல்ல ஏற்பாடு. இங்கே பெயர்ப் பொருத்தத்தைக் கண்டபடி தளர்த்தினால் ஆள்மாறாட்டக்காரருக்குக் கதவு திறந்ததாகிவிடும். ‘முருகன் மகன் செல்வம்’ ஒரே கிராமத்தில் நான்கு பேர் இருப்பது சாதாரணம்.

ஆகவே தானியங்கி மாறுதலுக்கு முதல் படிப் பொருத்தம் மட்டுமே போதுமானதாக இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத எழுத்துக் கோளாறுகள் அதிலேயே நீங்கிவிடும். இரண்டாம், மூன்றாம் படிகளில் மட்டும் பொருந்துபவை வழக்கமான வழியில் அலுவலரிடம் போகட்டும். ஆனால் எந்தப் படியில் எந்த எழுத்தில் வேறுபாடு என்ற குறிப்போடு போகட்டும். ‘இ என்ற முன்னுயிர் மட்டும் வேறு, கணவர் பெயரிலும் அதே வேறுபாடு’ என்று திரையில் தெரிந்தால் அலுவலருக்கு முடிவெடுக்க ஒரு நிமிடம் போதும். ‘பெயர் பொருந்தவில்லை’ என்று மட்டும் தெரிந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

விவசாயிகளுக்கான தனி அடையாள எண் பதிவிலும் ஆதார்ப் பெயருக்கும் நில ஆவணப் பெயருக்கும் பொருத்த மதிப்பெண் போடுகிறார்கள். அது மத்திய மென்பொருள். நம் நில ஆவணம் தமிழில் இருக்கிறது. தமிழை ஆங்கிலமாக்கி மதிப்பெண் போடுகிறார்களா, தமிழோடு தமிழை வைத்தா என்பதைத் துறை கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தமிழைத் தமிழோடு வைத்துப் பார்க்கும்போது இரண்டு பக்க அட்டவணையில் முடிகிற வேலை, நடுவே ஆங்கிலம் புகுந்தால் முடிவதில்லை. க என்ற ஓர் எழுத்துக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகள் போட்டி போடும். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டார்கள். சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். ஊர்ப் பெயருக்கே ஒரு முடிவு எட்ட முடியாதபோது ஆள் பெயருக்கு என்ன சொல்ல? அதனால், படிவங்களில் ஆங்கிலப் பெயரைத் தமிழிலிருந்து புதிதாக உண்டாக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் ஓர் ஆவணத்திலிருந்து எழுத்து மாறாமல் எடுத்து, எந்த ஆவணத்திலிருந்து எடுத்தது என்பதையும் அருகில் பதிய வேண்டும்.

படிவத்தின் அமைப்பைப் பற்றி. இ-சேவையில் விண்ணப்பிக்க முதலில் எடுக்கும் குடிமக்கள் கணக்கு எண்ணின் பதிவிலிருந்தே தொடங்கலாம். தன் பெயர் ஒரு புலம். முன்னெழுத்து ஒரு புலம், ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கும் இடம் விட்டு. தாய், தந்தை இருவர் முன்னெழுத்தும் போடுகிற வழக்கம் பெருகிவருகிறது. அந்த முன்னெழுத்து யாருடையது என்பதற்கு ஒரு தேர்வு. பின், ‘வேறு ஆவணங்களில் என் பெயர்’ என்று வேண்டிய வரிகள்: ஆவணத்தின் வகை, அதில் உள்ள பெயர் எழுத்து மாறாமல். குறைந்தது பட்டா, பத்தாம் வகுப்புச் சான்று, ஆதார், வங்கி நான்கும் வேண்டும். முதல் முறை பத்து நிமிடம் கூடுதலாகும். அடுத்த முறையிலிருந்து மிச்சம்தான்.

இந்த வரிகளைக் கிராம நிர்வாக அலுவலர் ஒருமுறை விசாரித்து, ‘இவை அனைத்தும் இவரையே குறிப்பன’ என்று ஒப்பமிட்டால் அது பதிவாகி நிற்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒன்றைத்தான் அழுத்திக் கேட்கிறோம். இன்றும் விசாரணை நடக்கிறது. வருவாய் ஆய்வாளரும் பார்க்கிறார். ஆனால் அந்த அறிவு அந்தக் கோப்போடு முடிந்துபோகிறது. அடுத்த விண்ணப்பத்துக்கு அதே கேள்வி, அதே கிராமம், பல நேரம் அதே அலுவலர். ‘மக்களுடன் முதல்வர்’, ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்று அரசு நடத்திய குறைதீர் முகாம்களில் நீண்டநாள் கோப்பு நகர்ந்திருந்தால் அதற்குக் காரணம் புது மென்பொருள் இல்லை. அந்த ஆளைத் தெரிந்த அலுவலர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான். அவருக்குத் தெரிந்ததை எழுதி வைக்க ஓர் இடம் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் பந்தல் போட வேண்டியதில்லை.

பதிவில் இருக்க வேண்டியவை சொற்பம்: எந்தெந்த ஆவணம், அவற்றில் உள்ள பெயர்கள், எதை வைத்து முடிவு செய்தார், யார், எந்த நாள். தவறென்று தெரிந்தால் ரத்து செய்ய வழி வேண்டும். ரத்து செய்ததும் பதிவில் இருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர் தன் பதிவைத் தானே பார்க்க முடிய வேண்டும், வேறு யாரும் தேடிப் பார்க்க முடியக் கூடாது. ஒருவரைப் பற்றிய முடிவுக்குப் பயன்படும் தகவல் முழுமையாகவும் சரியாகவும் இருக்க வேண்டும் என்று 2023-ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதிர்பார்க்கிறது. இந்தப் பதிவேடு அதற்கும் உதவும்.

நிராகரிப்புக்கான காரணங்களைச் சொல்ல வேண்டிய முறை. ‘ஆவணம் சரியில்லை’, ‘பெயர் வேறுபாடு’, ‘தெளிவாக இல்லை’ ஆகிய மூன்றையும் தனியாக எழுத மென்பொருள் விடக் கூடாது. எந்த ஆவணம், எந்தச் சொல், அங்கே என்ன இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது, என்ன கொண்டுவந்தால் போதும் என்ற ஐந்தும் நிரம்பினால்தான் ‘திருப்பு’ பொத்தான் வேலை செய்ய வேண்டும். ‘தெளிவாக இல்லை’ என்பதற்குப் பாதிக் காரணம் பதிவேற்றத்தில் வைத்திருக்கும் கோப்பளவு வரம்பு. பழைய பத்திரத்தை அதற்குள் அடக்க ஸ்கேனைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் பெயரே தெரியாமல் போகிறது. அந்த வரம்பை உயர்த்துங்கள். சேமிப்பு விலை எங்கேயோ இறங்கிவிட்டது.

வருவாய்த் துறைச் சான்று விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். நிராகரித்தால் மறு விண்ணப்பம், மறு கட்டணம். பெயர் காரணமாகத் திரும்பியவற்றுக்கு மறு கட்டணம் கூடாது. பழைய எண்ணிலேயே தொடர வேண்டும். இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. கர்நாடகத்தில் ‘சகாலா’ என்ற ஏற்பாட்டில் குறித்த நாளுக்குள் சேவை தராவிட்டால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு என்று விதித்தார்கள். கெடு வைக்கும் எந்த ஏற்பாட்டிலும் கெடுவிலிருந்து தப்பச் சுலபமான வழி, கடைசி நாளில் ஏதோ ஒரு காரணம் காட்டிக் கோப்பைத் திருப்புவது. பெயரைவிட வசதியான காரணம் கிடைக்காது. ஆகவே திருப்பி அனுப்பினாலும் நாள் எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கக் கூடாது, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

செயல்படுத்த ஒரு வழி சொல்கிறோம். ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் புதிய ஒப்பீட்டைப் பழையதற்குப் பக்கத்தில் ஓடவிடுங்கள், எந்த முடிவையும் அதன் கையில் கொடுக்காமல். பெயர் காரணமாகத் திரும்பிய 500 விண்ணப்பங்களை, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் இரண்டு அலுவலர்களிடம் கொடுத்து, ஒரே நபரா இல்லையா என்று குறிக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு எண்ணிக்கை எடுங்கள்: ஒரே நபரைத் தவறாகத் தடுத்தது எத்தனை, வேறு நபரைத் தவறாக விட்டது எத்தனை. இரண்டாவது எண் நிலச் சேவைகளில் பூஜ்ஜியத்தை நெருங்கும்வரை அங்கே வெளியிடாதீர்கள். சான்றிதழ்களில் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை.

ஒப்பந்தப் புள்ளிகளிலும் இதைச் சேருங்கள். 300 பெயர் இணைகள் கொண்ட ஒரு சோதனைப் பட்டியலைத் துறையே வைத்திருக்கட்டும். பாதி இணைகள் ஒரே பெயரின் வேறு எழுத்துக்கூட்டல்கள்: இலட்சுமி-லெட்சுமி, கௌதமன்-கெளதமன், இரண்டு வகை ஸ்ரீதர்கள். மீதிப் பாதி உண்மையிலேயே வேறு பெயர்கள்: வள்ளி-வல்லி, குமரன்-குமாரன். பெயரை ஒப்பிடும் எந்த மென்பொருளும் இதில் தேறினால்தான் பணம். தேசிய தகவல் மையம் எழுதியதானாலும் தனியார் எழுதியதானாலும் அதே பட்டியல்.

இவற்றில் சிலவற்றுக்கு அரசாணை வேண்டும், சிலவற்றுக்கு ஆறு மாத வேலை. ஒன்றுக்கு எதுவும் வேண்டாம். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே ஒப்புகைச் சீட்டைப் பெரிய எழுத்தில், தமிழில், பெயரும் தந்தை பெயரும் மட்டும் தெரியும்படி அச்சிட்டு, விண்ணப்பதாரரிடம் நீட்டி, வாசிக்கத் தெரியாதவருக்கு உரக்க வாசித்துக் காட்டிவிட்டு, அவர் ‘சரி’ என்ற பிறகு ஓ.டி.பி. கேட்பது. இன்று ஓ.டி.பி. முதலில் வருகிறது, சீட்டு கடைசியில் வருகிறது. சீட்டைப் பார்த்து “என் பேர் இதில்லையே” என்று ஒருவர் சொல்லும்போது விண்ணப்பம் போய்விட்டிருக்கும்.

இப்படிக்கு,
இ-சேவை மேசைகளிலும் தமிழ்க் கணினிப் பணியிலும் இருக்கும் சிலர்